நோய் தெரியும் முன் சாப்பிட்ட உணவின் தரம், புற்றுநோய்க்குப் பின் ஆயுள்: இந்த ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

தட்டும்தராசும் (கேள்வி):

புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் ஒருவர் சாப்பிட்டுவந்த உணவின் தரத்துக்கும், அதன்பின் அவர் எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பதற்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன்.

முதலாவது, "உணவுத்தர மதிப்பெண் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு மரண அபாயம் 20–25% குறைவு" என்று எழுதுகிறார்கள். அந்த மதிப்பெண் எதை அளக்கிறது? 25% என்பதை நூறு பேரில் எத்தனை பேர் என்று எப்படிப் புரிந்துகொள்வது?

அடுத்தது, எல்லாக் காரணங்களாலும் வரும் மரணத்தில் தொடர்பு தெரிகிறது. புற்றுநோயால் மட்டும் வரும் மரணத்தில் பல ஆய்வுகளில் அது மங்கிவிடுகிறது. அப்படியென்றால் உணவு புற்றுநோயின் போக்கைத் தொடவே இல்லையா?

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. "இத்தனை வருஷம் கண்டதையும் சாப்பிட்டேன், அதனால்தான் இப்படியா? இனிமேல் மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று நோயாளி கேட்கும்போது, பொய்யும் சொல்லாமல் பயமும் காட்டாமல் என்ன பதில் தருவது?

எண்ணும்எடையும்:

முதல் கேள்விக்கு. இந்த ஆய்வுகளில் அதிகம் புழங்குவது அமெரிக்க உணவு வழிகாட்டுதலை ஒட்டிய எச்.இ.ஐ. எனும் ஆரோக்கிய உணவுக் குறியீடு. அதன் 2015 வடிவத்தில் 13 கூறுகள், மொத்தம் 100 மதிப்பெண். ஒன்பது கூறுகள் "போதுமான அளவு சாப்பிட்டாரா" என்று பார்ப்பவை: பழம், முழுப்பழம், காய்கறி, கீரையும் பயறும், முழுதானியம், பால் பொருள்கள், மொத்தப் புரத உணவு, கடலுணவும் தாவரப் புரதமும், கொழுப்பு அமிலங்களின் விகிதம். மற்ற நான்கும் "அளவோடு நிறுத்தினாரா" என்பவை: தீட்டிய தானியம், சோடியம், சேர்த்த சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு.

பெரும்பாலானவை 1000 கிலோகலோரிக்கு எவ்வளவு என்ற அடர்த்தியில் கணக்கிடப்படும். சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 கிலோகலோரிக்கு 1.1 கிராம் அல்லது குறைவு என்றால் முழு 10; 2.0 கிராம் அல்லது கூடுதல் என்றால் பூஜ்யம்; நடுவில் நேர்கோட்டு விகிதம். ஒருவர் நாளுக்கு 2000 கிலோகலோரியும் 3.1 கிராம் சோடியமும் எடுத்தால் அடர்த்தி 1.55 கிராம், மதிப்பெண் 5. சேர்த்த சர்க்கரை மொத்த ஆற்றலில் 6.5%-க்குள் இருந்தால் 10, 26%-ஐத் தொட்டால் பூஜ்யம்.

அடர்த்தியில் அளப்பதால் ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த மதிப்பெண் தரத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. தேவைக்கு 800 கிலோகலோரி அதிகமாகச் சாப்பிடுபவரும் 80 மதிப்பெண் வாங்கலாம். பசியின்றி ஒரு நாளில் 900 கிலோகலோரியோடு நிறுத்திவிடுபவரும் வாங்கலாம். மூன்றாவது கேள்விக்கு வரும்போது இது பெரிய விஷயமாகும்.

இன்னொன்று: மொத்த மதிப்பெண் 60 என்றால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒருவர் காய்கறி, பயறில் முழுசாக வாங்கி சோடியத்தில் கோட்டை விட்டிருப்பார். இன்னொருவர் உப்பு, சர்க்கரையில் கட்டுப்பாடாக இருந்தும் முழுதானியம் தொட்டிருக்க மாட்டார். கூறுவாரியான அட்டவணை இல்லாத கட்டுரையிலிருந்து ஒரு தனிநபருக்கான ஆலோசனையை எடுக்காதீர்கள்.

இப்போது 25%. இது ஒப்பீட்டு எண். அடிப்படை அபாயம் தெரியாமல் இதற்கு அர்த்தம் கிடையாது. நல்ல உதாரணம் அமெரிக்காவின் மகளிர் நல முன்முயற்சி உணவு மாற்ற ஆய்வு. மாதவிடாய் நின்ற 48,835 பெண்களைச் சீரற்ற முறையில் இரு குழுவாக்கி, 40% பேருக்குக் குறைந்த கொழுப்பு (இலக்கு ஆற்றலில் 20%), கூடுதல் காய்கறி, பழம், தானியம் என்று பயிற்சி தந்தார்கள். சராசரி 8.5 ஆண்டு. அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த 1764 பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்த பகுப்பாய்வு 2018-இல் வந்தது. 10 ஆண்டு உயிர்வாழ்வு பயிற்சிக் குழுவில் 82%, ஒப்பீட்டுக் குழுவில் 78%. அபாய விகிதம் (ஒரு குழுவின் மரண வேகத்தை மற்றதோடு ஒப்பிடும் எண்; 1 என்றால் வித்தியாசமில்லை) 0.78, நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 0.65–0.94.

"22% குறைவு" என்று தலைப்புச் செய்தியில் வருவது நூறு பெண்களில் 22 மரணம் 18 ஆனதுதான். நான்கு பேர். எனக்கு நான்கு உயிர் சின்ன விஷயமில்லை. ஆனால் மீதி 78 பேர் இரு வகை உணவிலும் உயிரோடு இருந்தார்கள், 18 பேர் இரு வகையிலும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வை முன்னால் வைக்கக் காரணம், நோய் வரும் முன் தொடங்கிய உணவு மாற்றத்தைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கிப் பார்த்த பெரிய ஆய்வுகள் மிக அரிது. மற்றவை பெரும்பாலும் கவனிப்பு ஆய்வுகள், அதாவது யாருடைய உணவையும் மாற்றாமல் பின்தொடர்ந்து பார்ப்பவை. இதிலும் ஓட்டைகள் உண்டு. கொழுப்பு 20%-ஐத் தொடவே இல்லை. முதல் ஆண்டில் சுமார் 24%, ஆறாம் ஆண்டில் 29%-க்கு ஏறிவிட்டது. எடையும் கொஞ்சம் குறைந்தது, ஆகவே பலன் கொழுப்பாலா, காய்கறியாலா, எடையாலா என்று பிரிக்க முடியாது. தவிர, 1764 பேரும் நோய் வந்தபின் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குலுக்கல் தந்த சமநிலை அந்தத் துணைக்குழுவில் முழுசாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

கோஹார்ட்மேசை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "மங்கிவிடுகிறது" என்பதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலில் வெறும் எண்ணிக்கை. கற்பனையாக 2000 நோயாளிகள், 600 மரணம், அதில் புற்றுநோயால் 150 என்று வையுங்கள். மேல் மூன்றிலொன்றைக் கீழ் மூன்றிலொன்றோடு ஒப்பிடுகிறோம், அபாய விகிதம் இரண்டிலும் 0.80-தான். 600 மரணத்தில் இடைவெளி தோராயமாக 0.66–0.97. 150 மரணத்தில் 0.54–1.18. அதே 0.80 முதல் வரியில் "தொடர்பு உண்டு", இரண்டாம் வரியில் "தொடர்பு இல்லை" என்று எழுதப்பட்டுவிடும். ஆகவே புள்ளி மதிப்பை ஒப்பிடுங்கள். "புள்ளியியல்படி உறுதி" என்று காட்டும் நட்சத்திரக் குறியை ஒப்பிடாதீர்கள். 0.80 என்பது 0.98-ஆக மாறியிருந்தால்தான் அது செய்தி.

அடுத்து, யார் எதனால் சாகிறார்கள். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய், புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களில் நிறையப் பேர் பத்து, பதினைந்து வருடம் கழித்து இதய நோயாலோ வேறு காரணத்தாலோ இறக்கிறார்கள். உணவு அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. மேலே சொன்ன 2018 பகுப்பாய்விலும் இதய, ரத்தநாள மரணங்களும் வேறு புற்றுநோய் மரணங்களும் பயிற்சிக் குழுவில் குறைவு. கணையப் புற்றுநோயில் நிலைமை தலைகீழ்: பெரும்பாலோர் அந்த நோயாலேயே, அதுவும் சீக்கிரமே, இறப்பதால் உணவு செயல்பட இடமே குறைவு. ஆகவே "உணவும் புற்றுநோய் உயிர்வாழ்வும்" என்று எல்லாப் புற்றுநோயையும் ஒரே மூட்டையில் கட்டிய ஆய்வை நான் கடைசியாகத்தான் வாசிப்பேன்.

மூன்றாவதாக, ஸ்டேஜ், அதாவது கண்டுபிடிக்கும்போது நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பது. நல்ல உணவு பழகியவர்கள் பரிசோதனைக்கும் ஒழுங்காகப் போகிறார்கள். நோய் முன்கூட்டியே தெரிகிறது, உயிர்வாழ்வுக் கடிகாரம் முன்கூட்டியே ஓடத் தொடங்குகிறது. சாகும் தேதி மாறாவிட்டாலும் ஆயுள் கூடியதுபோல் தெரியும். அதனால் கட்டுரையில் இரண்டு புள்ளியியல் மாதிரிகளை (மாடல்) தேடுங்கள்: வயது, ஆற்றல், புகை, உடலுழைப்பு, கல்வி மட்டும் சேர்த்தது ஒன்று, அதோடு ஸ்டேஜையும் சிகிச்சையையும் சேர்த்தது இன்னொன்று. உதாரணத்துக்கு, 0.75 என்பது 0.92-க்கு வந்துவிட்டால் தொடர்பின் பெரும்பகுதி ஸ்டேஜ் வழியாக வருகிறது. அது பரிசோதனைப் பழக்கமாக இருக்கலாம், நல்ல உணவால் கட்டி மெதுவாக வளர்ந்ததாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஸ்டேஜைத் திருத்தி மட்டும் பிரிக்க முடியாது. ஸ்டேஜைச் சேர்த்த மாதிரியை மட்டும் காட்டிவிட்டு "உணவுக்குப் பங்கில்லை" என்று முடிப்பவர்கள், உணவு செல்லும் பாதையையே அடைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள்.

கெட்டுப்போகும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தகவலை எப்போது வாங்கினார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. நோய் தெரிந்தபின் நோயாளியிடம் "போன வருடம் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால், இன்றைய பசியின்மையும் குற்றவுணர்வும் பதிலில் கலந்துவிடும். வீரியமான நோய் உள்ளவர்கள் கேட்கப்படும் முன்பே இறந்துவிடுவார்கள். நுரையீரல், கணையம் போன்றவற்றில் இந்த இழப்பு பெரிது. பேட்டி நடந்த நாளிலிருந்துதான் அவரைக் கணக்கில் சேர்த்தார்களா என்று பாருங்கள். நோய் தெரிந்த நாளிலிருந்தே சேர்த்திருந்தால், பேட்டிவரை அவர் சாக முடியாத காலமும் ஆயுளாக எண்ணப்பட்டிருக்கும்.

ஆரோக்கியமாக இருந்தபோதே வினாத்தாள் வாங்கியிருந்தாலும், நோய் தெரியும் முன் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடல் மாறத் தொடங்கியிருக்கும். இரைப்பை, உணவுக்குழாய், கணையம், சினைப்பை எல்லாம் சத்தமில்லாமல் பசியைக் கெடுப்பவை. முதல் ஓரிரு ஆண்டில் நோய் தெரிந்தவர்களை விலக்கி மறுபடி கணக்கிட்டார்களா? மேலே சொன்ன மகளிர் நல முன்முயற்சியின் கோஹார்ட்டில் (பல ஆண்டு பின்தொடரப்படும் குழு) சினைப்பைப் புற்றுநோய் வந்த 636 பேரை ஆராய்ந்தபோது, குறைந்தது ஓராண்டு முந்தைய உணவுத் தகவலையே எடுத்தார்கள். மேல் மூன்றிலொன்றுக்கு மொத்த மரண அபாய விகிதம் 0.73. இடுப்புச் சுற்றளவு 88 சென்டிமீட்டருக்குள் உள்ளவர்களிடமும் நீரிழிவு வராதவர்களிடமும்தான் தொடர்பு தெளிவாக இருந்தது.

எதிர்ப் பக்கமும் உண்டு: இடைவெளி மிக நீண்டால், பத்து வருடம் முன்பு எழுதிய ஒற்றை வினாத்தாள் இன்றைய உணவைச் சொல்லாது. அப்படிப்பட்ட அளவீட்டுப் பிழை பொதுவாகத் தொடர்பைச் சிறிதாக்கிக் காட்டும். ஆனால் பல காரணிகளை ஒரே மாதிரியில் போடும்போது எந்தப் பக்கமும் இழுக்கலாம்.

புகை பற்றித் தனியாக. "புகைப்பவர், புகைக்காதவர்" என்று இரண்டே பெட்டியில் போட்டுவிட்டு நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோயில் உணவைப் பற்றிப் பேசினால் நம்பாதீர்கள். எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை, விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்ற விவரம் வேண்டும். புகையே தொடாதவர்களிடம் தனியாகக் காட்டினால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு நுட்பம். நோய் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்வதே ஒரு தேர்வு. நல்ல உணவு சாப்பிட்டும் நோய் வந்தவருக்கு அதைக் கொண்டுவந்த வேறு வலுவான காரணம், உதாரணமாக மரபணு, இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காரணமே உயிர்வாழ்வையும் பாதித்தால், நல்ல உணவின் பலன் குறைந்து தெரியும். சில நேரம் தலைகீழாகவும் தெரியும்.

தட்டும்தராசும்:

கூறுவாரி அட்டவணையும் இரண்டு மாதிரிகளும் நான் கவனிக்காமல் தாண்டிப்போனவை. ஒரு துணைக்கேள்வி: மத்தியதரைக்கடல் உணவு மதிப்பெண்ணிலும் ஏ.எச்.இ.ஐ. எனும் மாற்று ஆரோக்கிய உணவுக் குறியீட்டிலும் மிதமான மதுவுக்கு மதிப்பெண் தருகிறார்களே, புற்றுநோய் ஆய்வில் அது சரிதானா?

கோஹார்ட்மேசை:

சரியில்லை. அவை புற்றுநோயை மட்டும் மனதில் வைத்து அமைக்கப்பட்டவை அல்ல. மது மார்பகம், உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குக் காரணம் என்பது உறுதிப்பட்ட ஒன்று. மதுக் கூற்றை நீக்கிவிட்டு மதிப்பெண் போட வேண்டும், மதுவைத் தனி மாறியாகத் திருத்த வேண்டும். ஐரோப்பாவின் எபிக் கோஹார்ட்டில் மார்பகப் புற்றுநோய் வந்த 13,270 பெண்களிடம், மதுவை விலக்கிய மதிப்பெண்ணை வைத்தே பார்த்தார்கள். நோய்க்கு முன் மத்தியதரைக்கடல் முறையை நடுத்தரமாகப் பின்பற்றியவர்களைவிடக் குறைவாகப் பின்பற்றியவர்களுக்கு மொத்த மரண அபாயம் 13% கூடுதல், இடைவெளி 1.01–1.26. கீழ் எல்லை 1-ஐ உரசி நிற்பதையும் பாருங்கள்.

வார்டுதட்டு:

மூன்றாவது கேள்வி. "அதனால்தான் இப்படியா?" என்பவருக்கு நேரான பதில்: ஒரு தனிமனிதரின் நோய் அவர் சாப்பிட்டதால் வந்தது என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. எல்லா எண்களும் கூட்டத்தைப் பற்றியவை. நூறில் நான்கு பேர் வித்தியாசம் என்று மேலே வந்ததே, அந்த நால்வரில் ஒருவரா இவர் என்று யாருக்கும் தெரியாது. இதை இப்படியே, இதே சொற்களில் சொல்லலாம். "அப்படியெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள்" என்று மழுப்பினால் அவருக்கே அது தெரிந்துவிடும்.

"இனி மாற்றி என்ன?" என்பதற்கு ஒரே பதில் கிடையாது, அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதுதான் பதில். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நோய்க்கு முந்தைய ஆய்வை வாசித்த குடும்பம், கீமோ தொடங்கும் வாரத்தில் சர்க்கரை, பால், முட்டை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காய்கறிச் சாற்றில் ஆளை உட்கார வைத்துவிடும். அடர்த்தியில் அளந்தால் உணவுத்தர மதிப்பெண் ஏறியிருக்கும், ஆளோ இளைத்திருப்பார். தசை குறைந்தால் மருந்தின் நச்சு கூடும், சுற்றுகள் தள்ளிப்போகும், டோஸ் குறைக்கப்படும்.

ஆகவே மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் முன் எடை போடுங்கள். ஆறு மாதம் முன்பு இருந்த எடையைக் கேளுங்கள். 68 கிலோ 63 ஆகியிருந்தால் 5-ஐ 68-ஆல் வகுத்தால் 7.4%. ஆறு மாதத்தில் 5%-க்கு மேல் போனாலே, உடல் நிறை குறியீடு 20-க்குக் கீழ் உள்ளவருக்கு 2%-க்கு மேல் போனாலே, அது நோய்சார் மெலிவுக்கான அளவுகோல். கால்வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் தராசு ஏமாற்றும். சினைப்பை, கல்லீரல் நோயாளியிடம் எடை அப்படியே இருக்க, தோளும் தொடையும் கரைந்திருக்கும். நெற்றிப்பொட்டு, தோள்பட்டை எலும்பு, தொடையின் முன்தசையைத் தொட்டுப் பாருங்கள். பருமனானவரிடமும் பாருங்கள்; கொழுப்புக்கு அடியில் தசை போவது கண்ணுக்குத் தெரியாது.

இலக்கு, ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, நாளுக்குக் கிலோவுக்கு 25–30 கிலோகலோரி. புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை. 63 கிலோ ஆளுக்கு 1575–1890 கிலோகலோரி, 63–95 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். மூன்று பெரிய வேளையாகக் கொடுத்தால் பாதி திரும்பி வரும். ஆறு சிறு வேளை வையுங்கள். அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுவதுதான் வழி: 200 மில்லி பாலில் 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்தால் புரதம் 6–7 கிராமிலிருந்து சுமார் 17 கிராமாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கிலோகலோரி. கஞ்சியிலோ மசித்ததிலோ கலந்தால் கூடுதலாகச் சாப்பிட்டதாகவே அவருக்குத் தெரியாது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு மட்டும் உடனே முழு அளவு வேண்டாம். முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

நார்ச்சத்தும் எல்லோருக்கும் எப்போதும் நல்லதல்ல. குடல் குறுகியிருந்தால், இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றின் வெளியே திறந்துவிடுவது) வைத்த முதல் வாரங்களில், இடுப்புக் கதிர்வீச்சில் கடும் வயிற்றுப்போக்கு இருக்கும்போது, முழுதானியமும் தோலோடு பயறும் கேடு செய்யும். குறுகிய குடலில் அடைப்பே வரலாம்.

சிகிச்சை முடிந்து, எடை நிலைத்து, பசி திரும்பியபின் மதிப்பெண் பேச்சைத் தொடங்குங்கள். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரைகள் இங்கே பொருந்தும்: நாளுக்கு 30 கிராம் நார், குறைந்தது 400 கிராம் மாவுச்சத்துக் குறைந்த காய்கறியும் பழமும், சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350–500 கிராமுக்குள், பதப்படுத்திய இறைச்சி முடிந்தவரை இல்லாமல். நாரை வாரத்துக்கு ஐந்து கிராம்போல் ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே. ஒரேயடியாக ஏற்றினால் வயிறு உப்பி, மூன்றாம் நாளே விட்டுவிடுவார்.

அதற்குப் பலன் என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நோய்க்குப் பின் உணவை மாற்றிய சீரற்ற ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 3088 பெண்கள் கொண்ட வெல் ஆய்வில் (2007) காய்கறி, பழம், நார் நன்றாகவே கூட்டியும், கொழுப்பைக் குறைக்கச் சொல்லியும், 7.3 ஆண்டில் மார்பகப் புற்றுநோய் திரும்புவதிலோ உயிர்வாழ்விலோ வித்தியாசம் இல்லை. 2437 பெண்கள் கொண்ட வின்ஸ் ஆய்வில் (2006) கொழுப்பைக் குறைத்தபோது, நோய் திரும்புவது 12.4%-இலிருந்து 9.8%, அங்கே எடையும் குறைந்திருந்தது. உடனடிச் சிகிச்சையின்றித் தொடர் கண்காணிப்பில் இருந்த 478 புராஸ்டேட் நோயாளிகளிடம் காய்கறியை மட்டும் கூட்டிப் பார்த்தபோது (2020) நோய் முன்னேறுவது குறையவில்லை. ஆகவே "புற்றுநோய் திரும்பாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இதயம், நீரிழிவு, குடல் ஆகியவற்றுக்கு நல்லது என்பதை உறுதியாகச் சொல்லலாம். அந்த நோய்களால் இறப்பவர்களும் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள்தானே.

விதைமணி:

வார்டுதட்டு சொன்னதோடு ஒன்று மட்டும். இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் புற்றுநோய்ச் சிகிச்சை) எடுப்பவர்கள் நாரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 2021-இல் வந்த மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) ஆய்வில், சிகிச்சை தொடங்கும் காலத்து உணவைப் பதிந்த 128 பேரில், நாளுக்கு 20 கிராமுக்கு மேல் நார் எடுத்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த காலம் நீளம். ஒவ்வொரு 5 கிராமுக்கும் நோய் முன்னேற்றம் அல்லது மரண அபாயம் 30% குறைவு. கடையில் விற்கும் புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிர்) மாத்திரையையும் எடுத்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. சிறிய கவனிப்பு ஆய்வு. கோஹார்ட்மேசை சொன்ன எல்லா ஓட்டையும் இதற்கும் பொருந்தும். ஆனாலும் நாரை உணவு மூலமாகவே பெறுங்கள், புரோபயாட்டிக் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள் என்று சொல்ல இது போதும். அதிக டோஸ் வைட்டமின் மாத்திரைக்கும் இதே பதில்: நாளாந்தத் தேவை அளவுக்கு மேல் வேண்டாம், எடுத்துக்கொண்டிருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் பெயரும் டோஸும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தட்டும்தராசும்:

எடை முதலில், மதிப்பெண் பிறகு என்ற வரிசையை எங்கள் முதல் சந்திப்புப் படிவத்திலேயே சேர்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முந்தைய எடை, இப்போதைய எடை, வீக்கம் உண்டா இல்லையா, குடல் குறுகல் உண்டா: இந்த நான்கும் நிரம்பாமல் உணவுப் பட்டியல் பக்கத்துக்குப் போக முடியாதபடி. புரோபயாட்டிக், வைட்டமின் மாத்திரைகளின் பெயரும் டோஸும் எழுத அடுத்த வரியில் தனி இடம் விடுகிறேன்.